பூஜை வைத்த கம்ப்யூட்டர்

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் புரோகிராம் பற்றிக் கேட்பதில்லை. கேஸ் புக் பண்ணுவது எப்படி, போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். காலமெல்லாம் சி பிளஸ் பிளஸ் எழுதியவளுக்கு இதுவும் வேண்டியதுதான். ஆனால் போன வாரம் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்திலிருந்து அஞ்சு கூப்பிட்டாள். என்னோடு வேலை பார்த்தவள், இன்று ஒரு குழுவுக்குத் தலைவி. கேட்டது நிஜமாகவே புரோகிராம் பற்றி. எனக்குச் சட்டென்று பத்து வயது குறைந்தது.

விஷயம் இதுதான். எங்கள் பழைய ஆஸ்பத்திரி லேப் புரோகிராம் ஒன்றைப் புதிதாக மாற்றி எழுதுகிறார்கள். அதில் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடத்தில் ஒரு விசித்திரம். எண்ணை ஃபைலில் எழுதுகிறது. எழுதிய கையோடு அதே ஃபைலை மறுபடி திறந்து வாசிக்கிறது. எழுதியதும் வாசித்ததும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் 'சேமித்தாயிற்று' என்று திரையில் காட்டுகிறது.

"இங்கத்தெ பிள்ளைங்க சிரிக்குது சேச்சி," என்றாள் அஞ்சு. "அவங்க செட்டிங்ஸ் எல்லாம் எங்கேயோ ஒரு சர்வர்ல இருக்கு. ஒரு இடத்தில மாத்தினா எல்லா புரோகிராமும் அப்பவே அறியும். இது என்ன வீண் வேலை, வெட்டிக் களையட்டேன்னு கேக்குது."

"வெட்டினா அவங்க கையை நான் வெட்டுவேன்னு சொல்லு," என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த வரிகள் அங்கே வந்த கதையை எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

நான் நாகர்கோவில்காரி. படித்து முடித்துத் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கண்ணாடிக் கட்டடம், அடையாள அட்டை எல்லாம் பின்னால் வந்தவை. எங்கள் ஆபீஸ் வஞ்சியூரில் ஒரு வக்கீல் வீட்டு மாடி. கீழே கட்சிக்காரர்கள் அழுவார்கள், மேலே நாங்கள் அழுவோம். பயிற்சி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஒரு தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து, இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று உட்கார வைத்தார்கள். மீதியை ஐசக் சார் பார்த்துக்கொண்டார்.

ஐசக் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கேரள எல்லையோரப் பாறசாலைக்காரர். தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் பாடும் கனமான குரல். அந்தக் குரலை ஆபீஸில் உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. சந்தேகம் கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார். நம்மை எழுப்பி நிற்க வைப்பார்.

"பத்மா, எழும்பு பிள்ளே. நீ இப்பம் பிரிண்டர் ஆக்கும். சுரேஷு செட்டிங்ஸ். உனக்கு இடது பக்கம் எவ்வளவு இடம் விடணும்? தெரியாதுல்லா? அப்பம் அவன்கிட்ட கேளு. அவன் பாக்கெட்டுல கையிடப்படாது. கேக்கணும்."

ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று அந்தத் தடித்த புத்தகம் அறுபது பக்கம் எழுதியிருந்தது. எனக்குப் புரிந்தது சுரேஷிடம் நான்கு தடவை இடது மார்ஜின் கேட்டபோதுதான். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ஒரு ஆள். அதனதன் விஷயம் அதனதன் கையில். அடுத்தவருக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். மாடியில் நாங்கள் இப்படி நின்று பேசிக்கொள்வதைப் பார்த்து, கீழே வக்கீலின் குமாஸ்தா நாங்கள் நாடகக் கம்பெனி என்றே நம்பினார்.

சுரேஷ் என் பக்கத்து நாற்காலிக்காரன், கெட்டிக்காரன், சோம்பேறி. ஒரு நூலகத்துக்கு உறுப்பினர் அட்டை அச்சடிக்கும் புரோகிராம் எழுதினான். அச்சடித்தது, ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பிரிண்டர் கொட்டாவி விட்டது. காரணம், ஒவ்வொரு வரிக்கும் அவன் புரோகிராம் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, மார்ஜின் எவ்வளவு என்று வாசித்து, மூடிக்கொண்டிருந்தது. அதுவும் ஃபிளாப்பியிலிருந்து. ஐசக் சார் அவனைத் திட்டவில்லை. தெரு முனை டீக்கடைக்காரரிடம் 'இருபது' என்று ஒரு எண்ணைச் சொல்லி வைத்துவிட்டு வந்தார்.

"மார்ஜின் எவ்வளவு சுரேஷே?"

"இருபது சார்."

"உனக்கெப்படி தெரியும்? போயி கேட்டுட்டு வா."

போனான், வந்தான். அடுத்த வரிக்கும் போகச் சொன்னார். வஞ்சியூர் வெயிலில் மூன்றாவது தடவை போய் வந்ததும் சுரேஷ் சட்டை நனைந்து, "காலையில ஒரு தடவை கேட்டு மனசுல வெச்சுக்கறேன் சார், விட்டுடுங்கோ" என்றான். அன்று முதல் அதுவே எங்கள் ஆபீஸ் சட்டம். செட்டிங்ஸ் என்று ஒரே ஒரு ஆப்ஜெக்ட். புரோகிராம் தொடங்கும்போது அது மட்டும் ஃபைலைத் திறந்து ஒரு தடவை வாசிக்கும். மற்ற எல்லாரும் அதனிடம் கேட்பார்கள்.

அந்த ஆப்ஜெக்டின் கிளாஸை, அதாவது அது எப்படி நடக்க வேண்டும் என்ற வரைவை, ஐசக் சார் யாரையும் தொடவிடாமல் தானே எழுதினார். அழகாக எழுதினார், அதை நான் இன்றும் சொல்வேன். ஃபைலை வரி வரியாக வாசிக்கும். அரைப்புள்ளியில் தொடங்கும் வரி மனிதருக்கான குறிப்பு, அதைத் தாண்டிவிடும். சமக்குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. ஓரத்து வெற்றிடங்களைத் துடைத்துவிடும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் வாயை மூடிக்கொண்டு பூஜ்யம் போடாது, எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லி நின்றுவிடும். யாராவது திரையில் ஒரு மதிப்பை மாற்றினால் மனதில் வாங்கிக்கொள்ளும். புரோகிராமை முறைப்படி மூடும்போது, ஆப்ஜெக்ட் விடைபெறும் அந்தக் கடைசி நொடியில், மாறியதை எல்லாம் ஃபைலில் எழுதிவிட்டுப் போகும். அந்தக் கடைசி வேலைக்கு சி பிளஸ் பிளஸில் டிஸ்ட்ரக்டர் என்று பெயர்.

"வரும்பம் வாசிக்கும், போவும்பம் எழுதும்," என்பார் சார். "இடையில டிஸ்க்கை எழுப்பாண்டாம். அது உறங்கட்டு."

எங்களுக்கும் அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

அந்த கிளாஸை வைத்துத்தான் நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபுக்குப் புரோகிராம் செய்தோம். அங்கே ரத்தம் பரிசோதிக்கும் அனலைசர் ஒன்று இருந்தது. அது தருவது வெறும் ஒளியின் அளவு. அதை ஓர் எண்ணால் பெருக்கினால்தான் சர்க்கரை அளவு கிடைக்கும். அந்த எண்ணுக்கு ஃபேக்டர் என்று பெயர். ரசாயன கிட் மாறினால் ஃபேக்டரும் மாறும். லேப் டெக்னீஷியன் புதிய கிட்டைச் சோதித்து, வந்த ஃபேக்டரை எங்கள் திரையில் அடிப்பார். நான்தான் போய் நிறுவினேன், அப்போதிருந்த கிட்டின் ஃபேக்டரைப் போட்டு, எல்லாம் சரி பார்த்து, முறைப்படி மூடித் திறந்து காட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் புரோகிராமை மூடவே இல்லை. இரவு டியூட்டிக்கும் வேண்டுமே. கரண்ட் போனால் யூ.பி.எஸ். தாங்கும். மாதக்கணக்கில் ஓடியது, ஒரு புகார் இல்லை.

விஜயதசமி அன்று காலை பதினொரு மணி வாக்கில் போன் வந்தது. லேப் டாக்டரே பேசினார். குரல் நன்றாக இல்லை. ஓடினேன்.

லேபில் கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம், கீபோர்டு இடுக்கில் அரளிப்பூ. மூலையில் டெக்னீஷியன் ஜயஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துப் பெண். ஆறேழு வருஷமாக அந்த லேபே அவள் கையில்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

டாக்டர் மலையாளத்தில் பொரிந்து தள்ளினார். அன்று காலை ரத்தம் கொடுத்த எல்லாருக்கும் சர்க்கரை எக்கச்சக்கமாக வந்திருக்கிறது. மறுநாள் ஹெர்னியா ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவருக்கு, இந்தச் சர்க்கரையில் கத்தி வைக்க மாட்டேன் என்று சர்ஜன் தேதியை ரத்து செய்துவிட்டார். பெரியவருக்கு வாழ்நாளில் சர்க்கரையே கிடையாதாம். குடும்பம் வந்து கத்த, சர்ஜன் டாக்டரிடம் கத்த, டாக்டர் திரையைத் திறந்து பார்த்தால் உள்ளே பழைய ஃபேக்டர். பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் புது கம்பெனி கிட் வந்திருந்தது. ஃபேக்டரை மாற்ற வேண்டியது ஜயஸ்ரீ.

"நான் மாத்தினேன் மேடம்," என்றாள் ஜயஸ்ரீ என்னிடம். "கிட் வந்த அன்னிக்கே மாத்தினேன். அஷ்டமி சாயங்காலம் வரைக்கும் எல்லாம் சரியாத்தான் வந்துது. இன்னிக்குக் காலம்பற கன்ட்ரோல், சர்க்கரை எவ்வளவுன்னு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள், அதைப் போட்டப்பவே ஜாஸ்தியா இருந்துது. சாரண்ட சொன்னேன். ரெண்டு நாள் பழசு, அதனாலதான், நீ வேலையைப் பாருன்னார்."

டாக்டர் கம்ப்யூட்டரைக் காட்டினார். "ஃபைலைப் பார்த்துச் சொல்லுங்கள்," என்றார் என்னிடம்.

பார்த்தேன். ஃபைலில் பழைய எண். ஃபைல் கடைசியாக எழுதப்பட்ட தேதி, நான் நிறுவிய அதே நாள். அதற்குப் பிறகு யாரும் தொடவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார். சாயங்காலம் ஆஸ்பத்திரி நிர்வாகி எம்.டி. வருகிறார், அதுவரை ஜயஸ்ரீ எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட வேண்டாம், நாளை முதல் வரவும் வேண்டியிருக்காது என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அது எனக்கு அருவருப்பாக இருந்தது.

டாக்டர் வெளியே போனதும் ஜயஸ்ரீ மெதுவாகச் சொன்னாள். "வேலை போனா போறது மேடம், வேற எடம் கெடைக்கும். பொய் சொன்னேன்னு பேரெடுத்துண்டு போக முடியாது. இந்த ஊர்ல எந்த லேபும் அப்புறம் என்னைச் சேக்காது."

நான் ஐசக் சாருக்கு போன் போட்டேன். பூஜை விடுமுறைக்கு வீட்டில் இருந்தவர், ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஃபைலைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். ஜயஸ்ரீயைப் பார்த்தார். பிறகு "டாக்டரைக் கூப்பிடு, எல்லாரும் எழும்பி நில்லுங்கோ" என்றார். இந்த மனிதர் ஆஸ்பத்திரியிலும் நாடகம் போடப் போகிறார் என்று புரிந்தது.

போட்டார். டாக்டர் வந்ததும் அவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார், பழைய ஃபேக்டரை அதில் எழுதச் சொன்னார். "டாக்டரே, நீங்க டிஸ்க். நான் சொன்னா மட்டும் எழுதணும். சொல்லாம ஒண்ணும் எழுதப்படாது. பத்மா, நீ திரை. நான் செட்டிங்ஸ். மோளே, நீ நீதான். காலையில புரோகிராம் தொடங்கியாச்சு. டாக்டரே, ஃபேக்டர் என்ன?"

டாக்டர் கோபத்தை மறந்து காகிதத்தை வாசித்தார். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியாது.

"கொள்ளாம். இனி நான் மனசுல வெச்சாச்சு. மோளே, புது கிட் வந்துது, என்ன செய்தே?"

"புது ஃபேக்டரை அடிச்சேன்," என்று ஜயஸ்ரீ அந்த எண்ணைச் சொன்னாள். நான் அதைச் சாரிடம் சொன்னேன். சார் தலையாட்டி மனதில் வாங்கிக்கொண்டார். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாண்டாம் டாக்டரே. நான் இன்னும் சொல்லல்ல. போவும்பம் சொல்லுதேன்." அதன் பிறகு என்ன நடந்தது என்று ஜயஸ்ரீயைக் கேட்டார்.

"அஷ்டமி சாயங்காலம் வரைக்கும் வேலை பண்ணினோம். அப்புறம் பூஜை வெச்சோம் சார். நவமிக்கு அவசரக் கேஸெல்லாம் வெளி லேபுக்கு அனுப்பிட்டோம்."

"கம்ப்யூட்டருக்கும்?"

"எல்லாத்துக்கும்தான். சந்தனம் இட்டு, பூப்போட்டு, கீபோர்டு மேலே ரிஜிஸ்தரை வெச்சு, கற்பூரம் காட்டியாச்சு. அப்பத்தான் நெனைவு வந்துது, கம்ப்யூட்டர் ஓடிண்டே இருக்கேன்னு."

"பின்னே? மூடினியா?"

"எப்படி சார்? பூஜை வெச்சப்புறம் கீபோர்டைத் தொடப்படாதே. தசமிக்குப் பூஜை எடுத்தாத்தான் தொடலாம். அதனால யூ.பி.எஸ். சுவிட்சை அணைச்சுட்டோம். டாக்டர் சார்தான் அணைச்சார்."

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "அப்பம் நான் டிஸ்க்குகிட்ட..." என்று ஐசக் சார் தொடங்கினார். அந்த வாக்கியத்தின் நடுவிலேயே ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டார்.

"நான் மரிச்சேன்," என்றார் தலையைத் தூக்காமல். "சொல்ல நேரம் கெடைக்கல்ல. டாக்டரே, காலையில புதிய செட்டிங்ஸ் பொறந்து வந்து உங்ககிட்ட கேக்குது. காகிதத்துல என்ன இருக்கு?"

டாக்டர் வாசித்தார். பழைய எண்தான். இந்தத் தடவை குரல் சின்னதாக வந்தது.

ஐசக் சார் எழுந்தார். உடனே அதைக் கம்ப்யூட்டரிலும் செய்து காட்டச் சொன்னார். நான் புது ஃபேக்டரை அடித்தேன். திரை அதை வாங்கிக்கொண்டது. சார் யூ.பி.எஸ்ஸை அணைத்தார். மறுபடி போட்டோம். பழைய எண் ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றது. ஜயஸ்ரீ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள்.

"டாக்டரே, இந்த மோள் மாத்தினா. சத்தியமா மாத்தினா," என்றார் ஐசக் சார். "மறந்தது எங்க புரோகிராம். அதை எழுதினது பத்மா இல்ல, நான். போவும்பம் எழுதுவேன்னு சொல்லுகது, சாவும்பம் உயில் எழுதுவேன்னு சொல்லுகது போலாக்கும். எப்பம் சாவும்னு யாருக்குத் தெரியும்? நான் எம்.டி.கிட்ட நேரே சொல்லுதேன்." சாயங்காலம் வரை அங்கேயே இருந்து, சொல்லவும் செய்தார். எனக்கு அவர் மேல் அன்றிருந்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் யார் மேலும் வந்ததில்லை. அடுத்த நாளே அந்த கிளாஸைத் திருத்தினோம். மாற்றிய கணமே எழுது, டிஸ்க் நிஜமாகவே எழுதியதா என்று திறந்து வாசி, சரியாக இருந்தால் மட்டும் சேமித்தேன் என்று சொல். அஞ்சு, இதைத்தான் உன் பிள்ளைகள் வெட்டட்டுமா என்று கேட்கிறார்கள்.

ஆனால் அன்று வேலை அதோடு முடியவில்லை. புது ஃபேக்டரை அடித்து, இந்தத் தடவை முறைப்படி மூடித் திறந்து, எண் நிற்பதைப் பார்த்தோம். ஜயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்ட்ரோலைப் போட்டாள், கணக்காக வந்தது. ஃபிரிட்ஜிலிருந்த காலை ரத்தங்களை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டினாள். எல்லாம் இறங்கின. ஹெர்னியா பெரியவருக்குப் பச்சைப்பிள்ளைக்கு இருக்கும் அளவுதான் சர்க்கரை. சர்ஜனுக்குச் சொல்லி அனுப்பினோம்.

டாக்டருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நாங்கள் மூவரும் சேர்ந்து அவரை மேடையேற்றி இறக்கிவிட்டோமே. "காலையிலும் இந்த மெஷின் தைரியமாகத்தான் எண் காட்டியது. இப்போது காட்டுவது சரியென்று எப்படி நம்புவது?" என்றார்.

"கையை நீட்டுங்கோ சார்," என்றாள் ஜயஸ்ரீ. "உங்க ரத்தத்தையே போட்டுப் பாத்துடலாம்."

சொன்ன வேகத்தில் அவருக்கு மறுக்கவும் தோன்றவில்லை. உட்கார்ந்தார். எடுத்தாள், போட்டாள். எண் வந்தது. காலையில் யாருக்கு வந்ததையும் விடக் கூடுதல்.

"பார்த்தீர்களா," என்று டாக்டர் துள்ளி எழுந்தார். "இன்னும் சரியாகவில்லை."

ஐசக் சார் என்னைப் பார்த்தார். நான் ஃபேக்டரை மறுபடி திறந்து பார்த்தேன், புது எண்தான். ஜயஸ்ரீ அதே ரத்தத்தை இன்னொரு தடவை போட்டாள், அதே எண். கன்ட்ரோலைப் போட்டாள், கணக்காக நின்றது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மெஷின் சரி சார். சர்க்கரை உங்களுக்குத்தான்."

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். சில மாதமாகவே தாகம் அதிகம், வெயில் என்று நினைத்தேன் என்றார் யாரிடமோ போல. ஜயஸ்ரீ ரிப்போர்ட்டை அச்செடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் ஒதுங்கி நின்றாள். அவர்தானே போடக் கூடாது என்று சொல்லியிருந்தார். டாக்டர் தன் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் போட்டதும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து, திருத்திய புரோகிராமைப் போட நான் காலையில் அங்கே போனேன். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், வெறும் வயிற்றோடு, வரிசையில் டாக்டரும் உட்கார்ந்திருந்தார். உள்ளே வேறொரு டெக்னீஷியன் சும்மாதான் இருந்தான், வாங்க சார் என்று இரண்டு தடவை கூப்பிட்டும் பார்த்தான்.

"வேண்டாம்," என்றார் டாக்டர். "ஜயஸ்ரீ வரட்டும்."